ஏலக்காட்டுக் காதல் நாவல்கள்: எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம்

மஞ்சு மூடிய மலை, ஒரு ஜீப், குடைக்குள் ஒரு பெண் என்று அட்டை போட்ட தமிழ்க் காதல் நாவல்கள் கிண்டிலில் தேடினால் பக்கம் பக்கமாக விழுகின்றன. கதை நடக்கும் ஊர் கேரளத்து இடுக்கி மலையில் மூணாறு, குமுளி, வண்டன்மேடு. நாயகன் எஸ்டேட் முதலாளி, ஆறடி உயரம், வாயைத் திறந்தால் உறுமல். நாயகி கீழேயிருந்து வேலைக்கு வந்தவள், அல்லது தூக்கிக்கொண்டு வரப்பட்டவள். மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இவற்றில் பாதி வேற்றுக்கிரகக் கதை. மற்ற பாதி, சொல்லப்போனால், நன்றாகவே இருக்கிறது. எது எந்தப் பாதி என்பதைக் காசு கொடுக்குமுன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சொத்துக் கணக்கைப் பாருங்கள். ‘மூணாறில் பாதி இவனுடையது’ என்று ஒரு வரி வந்தால் மூடி வைத்துவிடலாம். மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைக் காடு பெரும்பாலும் கம்பெனிகள் கையில் இருக்கிறது. 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்க ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2005-ல் உருவான கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். முப்பது வயதுப் பையன் ஜீப் பானெட்டில் சாய்ந்துகொண்டு “இதெல்லாம் என்னோடது” என்று கை காட்ட அங்கே இடமில்லை. தமிழ் நாயகனுக்கு மலையில் சொந்த நிலம் வேண்டுமென்றால் அது ஏலக்காடாகத்தான் இருக்க முடியும். கம்பம், போடி, தேவாரம், கோம்பைக்காரர்கள் உடும்பன்சோலைத் தாலுகாவில் இரண்டு ஏக்கர், பத்து ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று வைத்திருக்கிறார்கள். வீடு கீழே, காடு மேலே. காய் எடுக்கும் மாதங்களில் ஆம்பளை மேலேயே தங்கிவிடுவான், பெண்டாட்டி கீழே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆனவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கத் தொடங்கும் கதைக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. எழுத்தாளர்களோ இன்னும் பங்களாவையும் வளைந்த மாடிப்படியையும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அடுத்து ஏலக்காய். நாயகி எம்பி நின்று, கிளையை வளைத்து, காயைப் பறித்தாள் என்று ஒரு காட்சி வந்தால் அந்த ரைட்டர் ஏலச்செடியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் தூரில்தான் பிடிக்கும். அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாக ஓடும். பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, இலைச்சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுத்து, முற்றாததை விட்டுவிட்டு நகர்வார்கள். அதே சரத்துக்கு நாற்பது நாற்பத்தைந்து நாள் கழித்துத் திரும்ப வருவார்கள். இடுப்பு போய்விடும் வேலை. ஆடி மழையில் ஏலக்காட்டுக்குள் பத்து நிமிஷம் நாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்து நிற்கும் காட்சியில் ஒரு அட்டை கூடக் கடிக்கவில்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். அட்டையை விரட்ட இந்த மலையில் காதலுக்கும் மூக்குப்பொடி தேவை.

யாரும் தொடாத இடம் ஒன்று உண்டு, காயை உலர்த்தும் ஸ்டோர். பறித்த காயை அன்றே ஸ்டோரில் ஏற்ற வேண்டும், விட்டுவைத்தால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். தட்டுத்தட்டாகப் பரப்பி 45 முதல் 55 டிகிரி சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் உலர்த்துவார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ கிடைக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும். அதனால் ராத்திரி யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். வெளியே குளிர், உள்ளே ஏலக்காய் வாசத்தோடு வெக்கை, தூங்கக்கூடாத இரண்டு பேர். கட்டிலில் தலையணையை நடுவில் வைத்துப் பிரித்துப் படுக்கும் காட்சியை எத்தனை தடவைதான் படிப்பது? ஸ்டோரை ஒரு அத்தியாயம் எழுதினால் போதும்.

பணத்திலும் இதே கதைதான். நாயகன் எப்போதும் கோடீஸ்வரன், அந்தக் கோடி ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. ஏலக்காய்க் காசு அப்படி இல்லை. 2018 வெள்ளத்தில் மலையே சரிந்தது. மறு வருஷம் விளைச்சல் இல்லாமல் 2019 ஆகஸ்டில் வண்டன்மேடு பக்கம் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2021 முடிவதற்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2019-ல் பெண் கேட்டு வந்த வீட்டுக்காரர்கள் 2021-ல் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தாலே ஒரு நாவல் தயார். அதை விட்டுவிட்டு வில்லனாக ஒரு சித்தப்பாவைக் கொண்டுவந்து பிரேக் வயரை வெட்டச் சொல்கிறார்கள்.

இனி கட்டாயத் தாலி. இந்த வகையில் அதிகம் விற்பதும் இதுதான், அதிகம் கெடுவதும் இதுதான். பழிவாங்க வந்த நாயகன் கோயிலில் வைத்து வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். “தாலி ஏறிடுச்சு, இனி என்ன பண்றது” என்று அவள் முந்நூறு பக்கம் அழுகிறாள், பிறகு காதலிக்கிறாள். 1955 இந்து திருமணச் சட்டம் 12-ம் பிரிவு என்ன சொல்கிறது? சம்மதத்தைப் பலவந்தத்தால் பெற்றிருந்தால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பலவந்தம் நீங்கிய ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், அதற்குப் பிறகு முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. நாயகிக்கு எம்.பி.ஏ. படிப்பு கொடுக்கிறவர்கள் ஒரு வக்கீலை மட்டும் கண்ணில் காட்டுவதில்லை. அவள் இதைத் தெரிந்துகொண்டு, மனுவையும் எழுதி வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று அந்த ஒரு வருஷத்தை ஓட்டினால் கதைக்கே ஒரு கெடு கிடைக்கும். அழுகை பாதியாகக் குறையும்.

ஓடிப்போகும் கதைகளில் இன்னொரு ஓட்டை. தமிழ்ப் பையனும் மலையாளப் பெண்ணும் காலையில் குமுளியில் இறங்கி, மதியம் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் தேக்கடியில் படகில் போகிறார்கள். வேறு வேறு மதம் என்றால் ரெஜிஸ்டர் ஆபீசில் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பு இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஆபீசில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. ஐயர் இல்லாமல், உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் செல்லும். ஆனால் அது 1967-ல் தமிழ்நாடு செய்த திருத்தம், கேரளத்தில் கிடையாது. அதாவது ஓடுகிறவர்கள் மலை ஏறக்கூடாது, இறங்க வேண்டும்! நம் நாவல்களில் எல்லோரும் குளிருக்காக ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

நாயகி கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னும் சுவாரஸ்யம். அங்கே கோட்டயம், பாலா பக்கமிருந்து குடியேறி மலையைத் திருத்தியவர்கள் ஏராளம். ஆனால் அட்டைப்படத்துக்கு வசதி என்று எல்லா மலையாளப் பெண்ணுக்கும் கசவுப் புடவையும் ஈரக் கூந்தலும் கொடுத்து அம்பலத்துக்கு, அதாவது இந்துக் கோயிலுக்கு, அனுப்பிவிடுகிறார்கள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையை வழக்கமாக மூன்று தடவை வாசிக்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக மூன்று அத்தியாயம் அப்படியே கையில் கிடைக்கிறது. மந்திரகோடி என்ற கல்யாணப் புடவையிலிருந்து நூல் உருவி மின்னு என்ற தாலிக்குக் கோர்ப்பது வரை அழகான விஷயங்கள் கொட்டிக் கிடக்கின்றன. மிகச் சிலரே எடுத்திருக்கிறார்கள், எடுத்தவர்கள் எழுத்தில் நன்றாகவே வந்திருக்கிறது.

எல்லை என்பது இவர்களுக்குச் செக்போஸ்ட்டில் ஒரு மலையாளப் போலீஸ்காரர் ஜோக் அடிக்கும் இடம், அவ்வளவுதான். முல்லைப் பெரியாறுப் பிரச்சினையில் 2011 டிசம்பரில் கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே பஸ் நின்றது, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மலை இறங்கின. 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியவில்லை. அந்த ஜூனில் சின்னார் சோதனைச் சாவடி அருகே நடுரோட்டிலேயே ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடந்து செய்தியில் வந்தது. உண்மையான தடை இத்தனை இருக்கும்போது நாயகனுக்குத் தலையில் அடிபட்டு ஞாபகம் போவது எதற்கு?

ஏன் இப்படி ஆகிறது என்றால், காரணம் எழுத்தாளரிடம் மட்டும் இல்லை, விற்கிற இடத்திலும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல், ஃபாரத்துக்கு 16 பக்கம் என்ற அச்சுக் கணக்கில் 96, 112, 128 என்று முடிய வேண்டும். சுருக்கம் அங்கே கட்டாயம், பல நேரம் கடைசி எட்டுப் பக்கத்தில் வில்லன் அவசரமாகத் திருந்துவான். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் நேர் எதிர். அங்கே வாசகர் புரட்டிய பக்கத்துக்குத்தான் எழுத்தாளருக்குக் காசு, அதனால் கதை 600 பக்கம் ஊதும். ஒரே சண்டையை அவன் கோணத்தில் ஒரு தடவை, அவள் கோணத்தில் ஒரு தடவை, தோழியிடம் போனில் மூன்றாவது தடவை படிப்பீர்கள். தொடர்கதை ஆப்பான பிரதிலிபியில் அடுத்த பாகம் பூட்டியிருக்கும், காசு கட்டாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு எபியும் (எபிசோடும்) யாரோ கதவைத் தட்டுவதில் முடியும். மொத்தமாகப் படித்தால் கதவு தட்டியே காது வலிக்கும், தினம் ஒன்றாகப் படித்தால் சரியாக இருக்கும்.

எழுத்தாளர்களின் சொந்த சைட்டுகளில் யூடி யூடியாக (அப்டேட் அப்டேட்டாக) வரும் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் கதை முடிந்த சில நாளில் லிங்க்கை எடுத்துவிடுவார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம். அன்லிமிடெட்டில் 90 நாள் கணக்கில் சேர்த்த மின்னூலை அந்தக் காலத்தில் வேறு எங்கும் மின்வடிவில் வைத்திருக்கக் கூடாது என்பது அமேசான் நிபந்தனை. தொடர் ஓடும்போது படித்துவிடுவது நல்லது. கமெண்டில் வாசகிகள் திட்டியதால் நாயகன் பத்தாவது எபியிலிருந்து திடீரென்று நல்லவனாவதையும் அங்கேதான் நேரடியாகப் பார்க்கலாம், அது தனி வேடிக்கை.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்த நாவல்கள் விற்பதற்குக் காரணம் இருக்கிறது. சமையலறைப் பேச்சில் இவர்களை அடிக்க ஆளில்லை. மாமியார் மருமகளிடம் நேரடியாகப் பேசாமல் பாத்திரம் வழியாகப் பேசுவது, நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது பையில் என்ன வைத்துக் கொடுப்பது, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் முதல் வாரம் பசியோடு படுப்பது போன்ற இடங்களில் ஒரு வார்த்தை தப்பாக விழாது. நாயகிக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலை நேரத்தைக் கதை மதித்தால் அது பெரும்பாலும் நல்ல நாவல். காலை ஆறு மணிக்கு முன்பே கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் தொடங்கும் கதை என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

வாங்குமுன் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். நாயகன் கண், மார்பு, கார் வர்ணனை முடிய எத்தனை பக்கம் ஆகிறது என்பதை வைத்தே மீதியை ஊகிக்கலாம். தலைப்பில் ‘பாகம் 1’ இருக்கிறதா, இரண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். நடுவில் தொங்கும் கதைகள் நிறைய. அன்லிமிடெட்டில் ஒரே சமயத்தில் 20 புத்தகம் வரை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காததைத் திருப்பிவிட்டு வேறு எடுக்கலாம். நீளமான தமிழ்ச் சொற்கள் வரும் வரியில் இரு ஓரமும் நேராக்கினால் நடுவில் பெரிய பெரிய இடைவெளி விழுந்து கண் உறுத்தும். எழுத்து அமைப்பில் போய் இடதுபுறச் சீராக மாற்றிவிட்டால் வாசிப்பு சுகமாகிவிடும். சில பழைய நாவல்கள் ஸ்கேன் செய்த படமாகவே வருகின்றன, அவற்றில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. போனில் படிக்கிறவர்கள் அவற்றைத் தொட வேண்டாம். மலைக்குப் போகிறவர்கள் கம்பத்திலேயே எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு ஏறுவது நல்லது, காட்டுக்குள் பல இடத்தில் டவர் கிடைக்காது.