பால்கோவாவுக்கு நீராவிக் கொப்பரை: எட்டு மாத அனுபவம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாளொன்றுக்கு 200 லிட்டர் பால் காய்ச்சும் சிறிய பட்டறை எங்களுடையது. விறகுப் புகை அம்மாவுக்கு ஆகவில்லை என்று முதலில் மின்கொப்பரை வாங்கினோம். இரட்டைச் சுவருக்கு நடுவே எண்ணெய், அதற்குள் 12 கிலோவாட் காயில். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை.

ஆனால் 100 லிட்டர் பால் கோவாவாக ஏறத்தாழ 80 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் 0.63 யூனிட். பாலைக் கொதிக்க வைப்பதையும் சேர்த்தால் 58 யூனிட், அதாவது ஐந்து மணி நேரம். விற்றவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லவே இல்லை.

நேரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். சர்க்கரை சேர்ந்து பால் இறுகும்போது சூட்டைச் சட்டென்று இறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தாலும் எண்ணெய் ஆறாது. துடுப்பால் வழித்தால் அடியிலிருந்து பழுப்பாக ஏடு உரிந்து வரும். தீபாவளி வாரத்தில் ஒரு கொப்பரைக் கோவாவை அப்படியே கொட்டினோம். அந்தத் தீய்ந்த வாடை இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது வைத்திருப்பது விறகில் எரியும் பாய்லரும், இரட்டைச் சுவருக்கு நடுவே எண்ணெய்க்குப் பதில் அதன் நீராவி பாயும் நீராவிக் கொப்பரையும். பாய்லர் பட்டறைக்கு வெளியே இருப்பதால் புகை உள்ளே வருவதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தத்தில் நீராவியின் சூடு 133 டிகிரிதான். கொப்பரைச் சுவர் முழுவதும் ஒரே சீராகக் காய்கிறது. மூன்றேகால் மணி நேரத்தில் கோவா இறங்குகிறது. வால்வைத் திருகி மூடியதும் கொதிப்பு அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும்.

தொல்லைகளும் உண்டு. இரண்டாம் மாதம் பால் மேலே கொதிக்க, கொப்பரையின் அடி மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது. வெளியேறும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. நீராவியை விடாமல், அது ஆறி உண்டாகும் நீரை மட்டும் வெளியேற்றும் ‘ஸ்டீம் டிராப்’ அடைத்துக்கொண்டு, குளிர்ந்த நீர் உள்ளேயே தேங்கியிருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறோம். உப்பு நீரை அப்படியே ஊற்றினால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும். மென்னீராக்கும் கருவிக்குத் தனிச்செலவு. பாய்லர் 25 லிட்டருக்கு மேல் கொள்வதென்றால் பதிவு, ஆய்வு என்று அலைச்சலும் இருக்கிறது. அந்த ஆய்வை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பக்கத்தில் நின்று கிண்டுபவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

நாளைக்கு 20, 30 லிட்டர் காய்ச்சுபவர்களுக்கு மின்கொப்பரையே போதும். அவ்வளவு பாலுக்காகப் பாய்லரை மூட்டுவது வீண். எங்கள் பழைய மின்கொப்பரையையும் விற்கவில்லை. அம்மா அதில் நெய் உருக்குகிறார்.