படித்துக்கொண்டே வேலையா, முழுநேர வேலையா?

வசதியற்ற இளைஞர்களுக்கு அவுட்சோர்சிங் வேலை, அதாவது வெளி நிறுவனங்களுக்காகக் கணினியில் செய்து தரும் வேலை, தருவதில் இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. ஒன்று, 2001-ல் கம்போடியாவின் புனோம் பென்னில் தொடங்கிய டிஜிட்டல் டிவைட் டேட்டா என்ற நிறுவனத்தின் வழி: ஒரு ஷிப்ட் வேலை, மீதி நேரம் உதவித்தொகையோடு கல்லூரி. மற்றொன்று, 2008-ல் லைலா ஜானா தொடங்கிய சமாசோர்ஸ் நிறுவனத்தின் வழி: பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக்கி, குறுகிய பயிற்சியோடு ஆளை நேராக வேலையில் உட்காரவைப்பது.

சீக்கிரம் சம்பளம் என்றால் இரண்டாவதுதான். அடுத்த மாத வாடகைக்கே வழியில்லாதவரிடம் பட்டப்படிப்பு முடியும்வரை பொறு என்று சொல்ல முடியாது. முதல் வழியில் தேர்வு மாதம் வந்தால் நாற்காலிகள் காலியாகும். டெலிவரி தேதி பேசும்போதே அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சிக்கல்.

புதியவர் தேறுவதற்கு இரட்டைத் தட்டச்சு நல்ல களம். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக அடிப்பார்கள், மென்பொருள் ஒப்பிடும், முரண்படும் எழுத்தை மூன்றாமவர் மூலத்தைப் பார்த்துத் தீர்ப்பார். 2,000 எழுத்துள்ள பக்கத்தில் 99% துல்லியம் என்றால் 20 பிழை, 99.95% என்றால் ஒன்றுதான். மங்கிய அச்சில் 8-ஐ இருவருமே 3 என்று அடித்தால் மென்பொருளுக்குத் தெரியாது. அதற்காகத் தனியாக மாதிரிப் பக்கங்களைச் சரிபார்க்க வேண்டும்.

கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படத்திலுள்ள பொருள்களைச் சுற்றிக் கட்டம் போடும் வேலையில், தவறு பெரும்பாலும் விதி எழுதுபவரிடமிருந்தே வரும். பாதி மறைந்த காருக்குத் தெரியும் பகுதி மட்டுமா, முழு அளவா? வழிகாட்டியில் இந்த ஒரு வரி இல்லையென்றால் மொத்த பேட்சும் திரும்பி வரும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் மறுவேலை முழுக்க அந்த இளைஞர் தலையில்தான். எனவே துண்டுக்கூலி வேண்டாம், மணிக்கூலியே சரி. விதி மாறினால் மறுவேலைச் செலவு கிளையன்ட்டுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்த வேலையை ஏற்கக் கூடாது என்பதும் முக்கியம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ-க்காகக் கொடூரமான பதிவுகளைப் படித்துத் தரம்பிரித்த கென்ய ஊழியர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கிடைத்ததை டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. ஒப்பந்தம் எடுத்தது, சமாசோர்ஸின் இன்றைய வடிவமான சமா.

ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, ஐஐடி மெட்ராஸ் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ போன்ற கிராமப் பிபிஓ, அதாவது இதே வேலையைக் கிராமத்திலிருந்தே செய்து தரும் மையம், மூன்றாவது வழி. மின்சாரத்துக்கும் இணைய இணைப்புக்கும் ஒன்று போனால் இன்னொன்று என்று மாற்று ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

ஓராண்டுக்காவது வேலை உறுதி தரும் கிளையன்ட் கையில் இருந்தால் படித்துக்கொண்டே வேலை என்ற முதல் வழியை எடுக்கலாம். மாதாமாதம் ஆர்டர் தேடும் நிலையில் அதைத் தொட வேண்டாம்: ஆர்டர் நின்றால் சம்பளத்தோடு படிப்பும் நின்றுவிடும்.