சர்க்கரையால் வீங்கும் விழித்திரை: எந்த ஊசி, எப்போது?

சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, நடுவிலுள்ள மாகுலாவில் நீர் கோத்துக்கொள்ளும். எழுத்து கலங்கும், கதவு நிலை வளைந்து தெரியும். இந்தக் கசிவைத் தூண்டுகிற விஇஜிஎஃப் என்ற புரதத்தை அடக்கத்தான் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள்.

மலிவானது அவாஸ்டின். இது 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்குப் போடுவது மருத்துவரின் முடிவில் நடப்பது. 100 மில்லிகிராம் குப்பியிலிருந்து ஒரு கண்ணுக்கு 1.25 மில்லிகிராம், அதாவது 0.05 மில்லிலிட்டர்தான் எடுக்கிறார்கள். ஒரே குப்பியைப் பலருக்குப் பிரிப்பதில்தான் ஆபத்து. பிரிக்கும் இடத்தில் கிருமி புகுந்தால் அந்தக் குப்பியில் மருந்து வாங்கிய பலருடைய கண்ணும் ஒன்றாகக் கெடலாம். மருந்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே, எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

ரானிபிசுமாப் (லூசென்டிஸ், இந்தியாவில் அக்சென்ட்ரிக்ஸ்) கண்ணுக்கென்றே செய்தது. அதன் இந்திய நிகர் மருந்தான ரஸுமாப் 2015-இல் வந்தபிறகு செலவு இறங்கியது. ஐலியா (அஃப்ளிபெர்செப்ட்) என்ற மூன்றாவது ஊசி 2 மில்லிகிராம் அளவில் போடப்படுகிறது. மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015-இல் வெளியானது. பார்வை 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களுக்கு மூன்றும் ஒரே பலன். 6/15 அல்லது அதற்கும் கீழே போனவர்களுக்கு முதல் ஆண்டில் ஐலியா முந்தியது. ஆகவே பார்வை ஓரளவு இருக்கும்போதே வருபவர் விலையுயர்ந்த ஊசிக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வாபிஸ்மோ, விஇஜிஎஃப்புடன் ஆங்-2 என்ற இன்னொரு புரதத்தையும் தடுக்கிறது. இதன் உண்மையான லாபம் இடைவெளிதான்: தொடக்க ஊசிகள் முடிந்து வீக்கம் வடிந்தால், சிலருக்கு 16 வாரம் வரை தள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கேன், பஸ், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், வெளியூர்க்காரருக்கு இது கட்டுப்படியாகலாம்.

ஓசூர்டெக்ஸ் வேறு ரகம்: 0.7 மில்லிகிராம் ஸ்டீராய்டு உள்ள கரையும் துண்டு, சில மாதம் வேலை செய்யும். கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கூட்டும் என்பதால், ஏற்கெனவே புரை எடுத்து லென்ஸ் வைத்தவருக்கே அதிகம் பொருந்தும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும், மற்ற ஊசிகளுக்குப் பதிலாக மருத்துவர்கள் இதைப் பரிசீலிப்பார்கள். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

ஊசி போடுவது சில நிமிட வேலை. மரப்பு சொட்டு விட்டு, 5% பொவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டுச் சற்று காத்திருக்க வேண்டும். கிருமித்தொற்றைத் தடுப்பதில் இந்தப் படிக்கு ஈடு இல்லை, அவசரப்படுத்தாதீர்கள். பிறகு கருவிழி ஓரத்திலிருந்து கேலிப்பரால் அளந்து, சொந்த லென்ஸ் உள்ளவருக்கு 4 மில்லிமீட்டர், லென்ஸ் வைத்தவருக்கு 3.5 மில்லிமீட்டர் தள்ளிக் குத்துகிறார்கள். கருவிழிக்குக் கிட்டே போனால் லென்ஸில் படும், பின்னே போனால் விழித்திரையில் படும்.

அன்று மாலை பார்வையின் அடிப்பக்கம் கறுப்பு வட்டம் மிதந்தால் அது காற்றுக் குமிழி. குமிழி கண்ணுக்குள் மேலே நிற்கிறது, பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது; ஓரிரு நாளில் மறையும். வாரக்கணக்கில் போகாத கண்ணாடிமணி போன்ற வட்டங்கள் சிரிஞ்சின் சிலிக்கான் எண்ணெயாக இருக்கலாம். வெள்ளைவிழியில் ரத்தத் திட்டு தானாகக் கரையும்.

அதிகம் தவறுவது ஊசிக்குப் பின்தான். மாதம் ஒன்றாகத் தொடக்க ஊசிகள் போகின்றன (ஐலியாவுக்கு ஐந்து). இரண்டாவதிலேயே எழுத்து தெளிந்துவிட்டதென்று பலர் நின்றுவிடுகிறார்கள். மருந்து தீர்ந்ததும் நீர் திரும்பக் கோக்கும். நீண்ட நாள் ஊறிய விழித்திரையின் செல்கள் மடிந்தால் எந்த ஊசியாலும் மீட்க முடியாது. பார்வை தெளிந்தாலும் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மாகுலா தட்டையாகிவிட்டதா என்று பார்த்தே இடைவெளியை நீட்ட வேண்டும்.

ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, அது சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில் வரும் உள்கண் தொற்றாக இருக்கலாம். மறுநாள் வரை பொறுக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்ட நாளிலேயே அவர்களின் இரவுநேர எண்ணை எழுதி வாங்கி வையுங்கள்.