தலைப்பைக் கொடுப்பதா, லிங்க் கொடுப்பதா, படத்தைக் காட்டுவதா?

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை இணையத்தை வைத்து மூன்று விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, தலைப்பை மட்டும் சொல்லி "தேடி எழுதிட்டு வாங்க" என்று அனுப்புவது. நமக்கு வேலை மிச்சம். ஆனால் வந்த நோட்டுகளில் ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு உபதலைப்புக்குப் பக்கத்திலும் முத்து முத்தான கையெழுத்தில் "[தொகு]" என்று இருந்தது. விக்கிப்பீடியாவில் பக்கத்தைத் திருத்துவதற்காக இருக்கும் சொல் அது, அதையும் விடாமல் எழுதியிருக்கிறாள். அவள்மேல் தப்பே இல்லை, நான் கேள்வி எதுவும் கேட்கவில்லையே!

அடுத்தது வெப்குவெஸ்ட். 1995ல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் உருவாக்கிய முறை. என்ன வேலை, எந்தெந்தப் பக்கம், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று எல்லாவற்றையும் ஆசிரியரே முன்கூட்டி வைத்துவிட வேண்டும். ஒருவர் மீனவர், ஒருவர் வேளச்சேரியில் வீடு வாங்கியவர், ஒருவர் வனத்துறை அதிகாரி என்று பிரித்துவிட்டேன், வழக்கமாக வாயே திறக்காத பையன்கூட மீனவர் பக்கம் நின்று சண்டை போட்டான். தயாரிப்புதான் உயிரை வாங்கும். தமிழில் நல்ல பக்கங்கள் குறைவு என்பதால் ஆங்கிலத்தில் இருந்ததை நானே சுருக்கி எழுத வேண்டியிருந்தது, அப்புறம் அடுத்த வருஷம் பாதி லிங்க் திறக்கவில்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். கூகுள் எர்த்தில் டைம்லாப்ஸ் போட்டால் 1984லிருந்து வருஷவாரியாகச் செயற்கைக்கோள் படம் ஓடும். எதுவும் சொல்லாமல் ஓட விட்டேன். மூன்றாவது தடவை ஓடும்போது "மிஸ், தண்ணி இருந்த எடமெல்லாம் எங்க போச்சு?" என்று ஒரு குரல். அங்கிருந்து பெருங்குடி குப்பைமேடு, 2015 வெள்ளம், 2022ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சுமார் 1,247 ஹெக்டேர் என்று அவர்களே தேடிப் போனார்கள். பழைய படங்கள் மங்கல்தான், வீடுகள் தனித்தனியாகத் தெரியாது. நெட் இழுக்கும், அதனால் எல்லா கம்ப்யூட்டரிலும் திறக்காமல் ஒரே புரொஜெக்டரில் போடுங்கள்.

நேரம் இருந்தால் படத்தில் தொடங்கி வெப்குவெஸ்டுக்குப் போகலாம், ஒரே பீரியட்தான் என்றால் படம் மட்டும் போதும். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் உங்கள் ஊர் ஏரியை ஓட விடுங்கள். பக்கத்திலேயே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைத் திறந்து வையுங்கள், விவரங்கள் கிராமவாரியாக இருக்கும், தங்கள் ஊர்ப் பெயரைப் பட்டியலில் தேடுவதற்குப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள்.