மொறுமொறு கடலை சீரியல்: பெட்டியில் வாங்குவதா, வீட்டில் கலப்பதா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பசியாற வழிக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டுக்கடை ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் எந்நேரமும் கிடைக்கும். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சீரியல் பெட்டி நுழைந்துவிட்டது. அதில் வேர்க்கடலை சேர்ந்த வகை கொஞ்சம் சத்தானது என்று பலர் நம்பி வாங்குகிறோம். அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்கத்தான் கெல்லாக்ஸ் கிரன்ச்சி நட் என்ற பெட்டிச் சீரியலையும், சாதா கார்ன்ஃபிளேக்ஸில் நாமே கடலை போட்டுக் கலப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

சுவையில் பெட்டிதான் முன்னால் நிற்கிறது. 1980இல் பிரிட்டனில் அறிமுகமான இந்தச் சீரியலில் சோளச் செதிலின் மேல் சீனியும் தேனும் பொடித்த கடலையும் பூச்சாக ஒட்டியிருக்கும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் குட்டிக் காகிதக் கிண்ணங்களில் சுட்டெடுக்கும் கார்ன்ஃபிளேக்ஸ் பலகாரம் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துப்போகும். சீனிப் பூச்சு காய்ந்து கெட்டியாக இருப்பதால் பால் சட்டென்று உள்ளே இறங்காது. பிள்ளை காலுறை தேடிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும். சாதா கார்ன்ஃபிளேக்ஸ் அதற்குள் துவண்டுவிடும்.

ஆனால் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். இங்கே சோளத்துக்கு அடுத்தது சீனி, அதற்குப் பிறகே கடலை. பிரிட்டன் பெட்டியின் கணக்கில் 100 கிராமில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. கடலை 7 விழுக்காடு அளவில். தேன் ஒரு விழுக்காட்டின் பக்கம்தான். அதாவது 30 கிராம் கிண்ணத்தில் இரண்டரைத் தேக்கரண்டி சீனியும், மூன்று நான்கு கடலைப் பருப்பும். பிள்ளைகள் 30 கிராமோடு நிறுத்துவதும் இல்லை. பெரியவர்களுக்கே சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. நம் வீட்டுக் காலைக் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

இனி வீட்டுக் கலவை. கடலைக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். ஈப்போவை ஒட்டிய மெங்லெம்பு, ஓட்டோடு வறுத்த கடலைக்கே பேர்போன ஊர். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே (வறுத்த, பொரித்த கடலை வகைகள்) கிராமமே இருக்கிறது, நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக நடத்துவது. அங்கே காரமும் உப்பும் சேர்த்தவை அதிகம். சீரியலுக்கு வெறும் வறுத்த கடலையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சைக் கடலை வாங்கி, இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் சிவக்க வறுத்தால் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும்.

30 கிராம் சாதா கார்ன்ஃபிளேக்ஸில் சர்க்கரை இரண்டரை கிராம் அளவுதான். அதில் 15 கிராம் கடலையைச் சேருங்கள். கடலையிலிருந்து மட்டும் நான்கு கிராம் அளவுக்குப் புரதம் வருகிறது. நல்ல கொழுப்பும் சேர்ந்து வயிற்றில் நிற்கும். தேனில்தான் கவனம் வேண்டும். ஒரு தேக்கரண்டி முழுதாக ஊற்றினால் அதிலேயே ஆறு கிராம் சர்க்கரை, மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி போய்விடும். நான் தேனுக்குப் பதில் பழுத்த பிசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் ஒன்றை நறுக்கிப் போடுகிறேன். பாலைக் குளிரவைத்து ஊற்றி, கடலையைக் கடைசியில் தூவினால் செதில் துவண்டாலும் கடிக்க ஏதாவது இருக்கும்.

ஹனி ஸ்டார்ஸ், கோக்கோ கிரன்ச் போன்றவை பிள்ளைகளுக்குப் பிடித்தவை. கடலைக்காக வாங்குபவர்களுக்கு அவை பயன்படாது. கிரானோலா ஓட்ஸால் ஆனது, பசி தாங்கும். விலைதான் இடிக்கிறது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) போகிற காலத்திலிருந்தே வயிறு நிறையாமல் வாசலைத் தாண்ட மாட்டார். இரண்டையும் அவருக்குக் கொடுத்தேன். பெட்டிச் சீரியலை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, “தேத்தண்ணிக்கு நல்லாருக்கும்மா. பசியாறன்னா பத்து மணிக்கே திரும்பப் பசிக்கும்” என்றார். என் தீர்ப்பும் அதேதான். பள்ளி நாள் காலைக்கு வீட்டுக் கலவை. கிரன்ச்சி நட் சனிக்கிழமை மாலைக்கு, பால் இல்லாமல், ஒரு கைப்பிடி.

கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டுமே வேண்டாம். மற்றவர்கள் உறையைப் பிரித்த அன்றே மூடி இறுகும் பிஸ்கட் டின்னுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சாதா செதில் நமுத்துப்போகும், சீனிப் பூச்சுள்ளது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வறுத்த கடலையை மட்டும் தனிப் போத்தலில் வையுங்கள்.