ஸ்டீல், அலுமினியம், கார்பன் ஃபைபர்: லோடு ஏறினா யாரு எப்படி நடந்துக்குவாங்க

ஸ்டீல் ஸ்ட்ராங்கா அலுமினியம் ஸ்ட்ராங்கானு ஒரே வரியில கேட்டா அதுக்கு பதிலே கிடையாதுங்க. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் விசைதான் ஒரு மெகாபாஸ்கல்) பக்கத்துல யீல்டு ஆயிடும், அதாவது லோடை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, விமானத்துக்குப் போடுற 7075-டி6 அலுமினியம் (7075 அலாயோட நம்பர், டி6 சூடு காட்டிப் பலமாக்கினதுக்கு அடையாளம்) 500 கிட்ட தாங்கும், அப்ப அலுமினியம்தான் கில்லாடின்னு முடிவு பண்ணா அந்தப் பக்கம் 1500-ஐத் தாண்டுற ஸ்டீலும் வரிசையா நிக்குது. கார்பன் ஃபைபர், அதாவது கார்பன் இழையை பிசின்ல ஒட்டி செஞ்ச கம்பாசிட், அதை விக்கிறவங்க வந்து எங்களுது 2000 மெகாபாஸ்கல்னு சொல்லுவாங்க, அது எந்தத் திசையிலன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. அதனால ஸ்ட்ரெங்த் நம்பரை ஓரமா வெச்சுட்டு லோடு எப்படி வருது, தாங்க முடியாதப்ப பொருள் என்ன பண்ணுதுன்னு பாப்போம்.

முதல்ல விறைப்பு, அதாவது ஸ்டிஃப்னஸ். இதுல நிறைய பேர் குழம்புறது ஒண்ணு இருக்கு. ஸ்டீலை எவ்ளோ ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாலும், விலை உயர்ந்த அலாய் போட்டாலும் அதோட யங்ஸ் மாடுலஸ் (விறைப்போட அளவு) 200-210 ஜிகாபாஸ்கல்தான், பெருசா நகராது. அலுமினியம் எந்த அலாயா இருந்தாலும் 70 சுத்திதான். பீம் ரொம்ப தொங்குதுன்னு ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீலுக்கு மாத்தினா உடையறதுதான் தள்ளிப்போகும், தொங்கல் அப்படியே இருக்கும்.

சரி, எடைக்குக் கணக்குப் போடுவோம். ஸ்டீலோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7. மாடுலஸை அடர்த்தியால வகுத்தா ரெண்டுக்கும் 26 கிட்ட வருது. டைட்டானியத்துக்குப் போட்டாலும் 25 பக்கத்துலதான் நிக்கும், இயற்கையோட குசும்புன்னுதான் சொல்லணும். அப்ப நேரா இழுக்குற ஒரு டை ராட் இருக்குன்னு வெச்சுக்குங்க, அதை ஸ்டீல்லேர்ந்து அலுமினியத்துக்கு மாத்தி அதே விறைப்பு வேணும்னா எடையில ஒரு பைசா லாபம் இல்ல.

ஆனா வளையுற லோடுன்னா கதையே வேற. தகட்டோட விறைப்பு தடிமனோட மூணாவது மடியில ஏறும். அதனால 1 மில்லிமீட்டர் ஸ்டீல் தகட்டுக்குப் பதிலா 1.44 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டா விறைப்பு ஒண்ணாயிடும், எடை பாதி. கொஞ்சம் தடிமன் கூட்டினதுக்கே பாதி எடை போயிடுச்சு! அலுமினியத்தோட உண்மையான பலம் இதுதான், பெரிய பேனல், விட்டம் பெருசான குழாய், இந்த மாதிரி இடம். ஸ்டீல் குழாயையும்தான் பெருசா மெல்லிசா பண்ணலாமேன்னு கேப்பீங்க, பண்ணலாம், ஆனா ஒரு கட்டத்துக்கு மேல சுவர் காகிதம் மாதிரி ஆகி ஒரு இடி பட்டாலே நசுங்கும், இல்லன்னா லோக்கல் பக்ளிங் வந்து சுருங்கி மடங்கும். அதே சமயம் வெளி அளவை மாத்தவே கூடாது, இருக்குற இடத்துல அப்படியே பொருந்தணும்னு சொல்லிட்டா அலுமினியம் மூணு மடங்கு தொங்கும், அங்க அது வேலைக்கு ஆகாது.

டென்சைல் மெஷின்ல மூணையும் போட்டு இழுத்துப் பாத்தா குணம் பளிச்சுன்னு தெரிஞ்சிடும். கருப்புத் தோல் உரிக்காத மைல்டு ஸ்டீலை இழுங்க: கிராஃப் நேரா ஏறும், திடீர்னு லேசா இறங்கும், அப்புறம் கொஞ்ச நேரம் சமமா ஓடும். அந்த நேரத்துல பீஸை உத்துப் பாத்தா மேல இருக்குற அந்தக் கருப்புத் தோல் (மில் ஸ்கேல்) சாய்வான பட்டை பட்டையா பொரிஞ்சு உதிரும், யீல்டு உள்ள பரவுறது கண்ணுக்கே தெரியும். அப்புறம் மறுபடி லோடு ஏறி, கழுத்து மாதிரி இடுப்பு சிறுத்து, 20 சதவீதத்துக்கு மேல நீண்டு, ஒரு பக்கம் கிண்ணம் ஒரு பக்கம் கூம்புன்னு பிரியும். 6061-டி6 அலுமினியத்துல அந்த இறக்கமும் சமவெளியும் கிடையாது, வளைவு மெதுவா சாஞ்சுக்கிட்டே போகும், அதனாலதான் 0.2 சதவீதம் நிரந்தரமா நீள வைக்கிற அளவை யீல்டா எடுத்துக்கலாம்னு 0.2 சதவீத ப்ரூஃப் ஸ்ட்ரெஸ்னு ஒண்ணை நாமளா வரையறுத்து வெச்சிருக்கோம். கார்பன் ஃபைபர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட நேர்கோடுதான். நடுவுல டிக் டிக்குன்னு சத்தம் கேக்கும், ஒண்ணரை சதவீத நீட்சிகிட்ட டமால்னு வெடிச்சு விளக்குமாறு மாதிரி இழை இழையா நிக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், ஃபட்டீக். ஒரு தடவை உடையறதை விட திரும்பத் திரும்ப லோடு வந்து உடையறதுதான் நிஜ வாழ்க்கையில ஜாஸ்தி. ரயில் அச்சு ஏன் உடையுதுன்னு ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர் 1850, 60-கள்ல உக்காந்து சோதிச்சப்பவே ஒரு விஷயம் பிடிபட்டுச்சு: ஸ்ட்ரெஸ்ஸை ஒரு அளவுக்குக் கீழ வெச்சா எத்தனை சுத்து சுத்தினாலும் அச்சு உடையல. ஸ்டீலுக்கு அந்த எல்லை தோராயமா அல்டிமேட் ஸ்ட்ரெங்த்ல (ஒரே தடவை இழுத்தா தாங்குற உச்சம்) பாதி. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே இல்ல, சைக்கிள் கூடக் கூட கிராஃப்ல கோடு கீழ இறங்கிக்கிட்டேதான் இருக்கும். 6061-டி6-க்கு 97 மெகாபாஸ்கல்னு டேபிள்ல போட்டிருப்பாங்க, அது 50 கோடி சைக்கிளுக்கான கணக்கு, காலம் முழுக்க தாங்கும்னு உத்தரவாதம் இல்ல. 1954-ல பிரிட்டனோட காமெட் ஜெட் விமானங்கள் நடுவானத்துல சிதறினப்ப கேபின் பிரஷர் ஏறி இறங்கினதே லோடு சைக்கிள்னு உலகத்துக்குப் புரிஞ்சுது. 1988-ல அலோஹா ஏர்லைன்ஸோட போயிங் 737 ஒண்ணு கிட்டத்தட்ட 90,000 தடவை பறந்த உடம்போட போய் மேல்கூரை பிச்சுக்கிட்டு போச்சு, ரெண்டுமே அலுமினிய உடம்பு. அதுக்காக அலுமினிய விமானம் ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, விரிசல் வரும்னே வெச்சுக்கிட்டு அது எவ்ளோ வேகமா வளரும், எப்ப செக் பண்ணா பிடிக்கலாம்னு கணக்குப் போட்டு ஓட்டுறாங்க. செக் பண்ண ஆள் இல்லாத இடத்துல அலுமினியத்தை மாறி மாறி வர்ற லோடுல விடாதீங்க, அவ்ளோதான்.

ஸ்டீல் ஆளுங்க ரொம்ப சந்தோஷப்பட வேணாம். அந்த உடையாத எல்லை, அதாவது எண்ட்யூரன்ஸ் லிமிட், பாலீஷ் பண்ண, துருப்பிடிக்காத, வெல்டு இல்லாத பீஸுக்கு. உப்புத் தண்ணி பட்டு அரிக்க ஆரம்பிச்சா எல்லை காணாம போயிடும். வெல்டிங் போட்டா இன்னும் மோசம், வெல்டோட ஓரத்துல இருக்குற குட்டிப் பள்ளத்துலேர்ந்துதான் விரிசல் கிளம்பும், அங்க 250 ஸ்டீலா 700 ஸ்டீலான்னு வித்தியாசமே தெரியாது. ஃபட்டீக் வர்ற வெல்டிங் ஜாயின்டுக்கு விலை ஜாஸ்தியான ஸ்டீல் வாங்குறது வீண் செலவு, வெல்டு ஓரத்தைக் கிரைண்ட் பண்ணி வழவழப்பாக்குங்க, பலன் அதுல இருக்கு. அலுமினியத்துக்கு வெல்டிங் இன்னொரு அடி குடுக்கும், டி6 வெல்டு பக்கத்துல சூட்டுல இளகி யீல்டு ஸ்ட்ரெங்த் பாதி கிட்ட இறங்கிடும்.

குளிருன்னா ஸ்டீல் தோக்கும், சாதாரண ஸ்டீல் ஒரு வெப்பநிலைக்குக் கீழ கண்ணாடி கணக்கா உடையும். 1943 ஜனவரியில எஸ்எஸ் ஸ்கெனெக்டடி கப்பல் சோதனை ஓட்டம் முடிச்சுட்டு வந்து துறைமுகத்துல நின்ன இடத்துல கிட்டத்தட்ட ரெண்டாப் பிளந்துச்சு. அலுமினியத்துக்கு இந்தப் பிரச்சனை கிடையாது. சூடுன்னா அப்படியே தலைகீழ், 200 டிகிரிக்கு மேல அலுமினியத்தை நம்ப முடியாது.

கார்பன் ஃபைபர்ல விளம்பர நம்பர் எல்லாம் இழை ஓடுற திசைக்கு. அந்தத் திசையில மாடுலஸ் 135 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 1.6, அப்ப நம்ம 26-க்கு எதிரா 84 வருது, அசத்தல். குறுக்கே இழுத்தா 10 கூட வராது, ஸ்ட்ரெங்த் 50 மெகாபாஸ்கல் பக்கம்தான். சரின்னு எல்லாத் திசையிலயும் லேயர் அடுக்கினா மாடுலஸ் 50 சுத்தி வந்து நிக்கும், கணக்குப் போட்டா 31. இவ்ளோ கஷ்டப்பட்டு 26-லேர்ந்து 31! லோடு எந்தத் திசையில வரும்னு தெரியாதவங்க விறைப்புக்காக இதைத் தொடவே வேணாம்னு சொல்லுவேன். திசை தெரிஞ்சா, அதுவும் இழுவிசைன்னா, ஃபட்டீக்ல கூட மத்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுடும். போயிங் 787 எடையில பாதி கம்பாசிட்டா இருக்குறது சும்மா இல்ல.

இதோட வீக்னஸ் அடி. மேல ஒரு டூல் விழுந்தா ஸ்டீல் பள்ளம் விழுந்து காட்டிக்குடுக்கும். கார்பன்ல மேல்பக்கம் ஒண்ணுமே தெரியாது, உள்ள லேயர் லேயரா பிரிஞ்சிருக்கும், இழுத்தா பரவால்ல, அமுக்குற லோடு வந்தா பிரிஞ்ச லேயர் தனித்தனியா பக்கிள் ஆகி எதிர்பாத்த அளவுல பாதியில கூட போயிடும். போல்ட் ஓட்டையும் தலைவலிதான். உலோகத்துல ஒரு போல்ட்டுக்கு லோடு ஜாஸ்தியானா அந்த இடம் லேசா யீல்டு ஆகி பக்கத்து போல்ட்டுக்குப் பகிர்ந்து விட்டுடும், கார்பனுக்கு யீல்டே கிடையாது, அதனால ஓட்டை ஒவ்வொண்ணும் கச்சிதமா பொருந்தியே ஆகணும். போல்ட் அலுமினியத்துல இருந்தா கார்பன் அதை அரிச்சே தின்னுடும், டைட்டானியம் மாதிரி அரிக்காததைத்தான் போடணும்.

ரிப்பேர்ல ஸ்டீலை அடிச்சுத் தட்டி வெல்டு வெச்சுடலாம். கார்பன்ல அடிபட்ட இடத்தைச் சரிவா சீவி எடுத்து புது லேயர் ஒட்டி சூடு காட்டணும், ஒட்டினதுக்கு அப்புறம் அல்ட்ராசோனிக் வெச்சுப் பாத்தா ஒட்டியிருக்கான்னு சொல்லும், எவ்ளோ பலமா ஒட்டியிருக்குன்னு சொல்லாது. அதனாலதான் விமானத்துல முக்கியமான இடத்துல ஒட்டுப் போடணும்னா, அந்த ஒட்டு முழுசாப் பிரிஞ்சு போனாலும் மிச்ச பாகம் லிமிட் லோடை (பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச லோடு) தாங்குமான்னு கணக்குக் காட்டச் சொல்லுவாங்க, தாங்காதுன்னா ரிப்பேரே கிடையாது, பார்ட்டையே மாத்தணும்.