மலைப்பாதையில் ஓடும் வானில் வைஃபை: நான்கு ஆண்டுப் பாவனை அனுபவம்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குக் காலையில் உத்தியோகத்தர்களையும் ஆசிரியர்களையும் ஏற்றிச் செல்லும் என் டொயோட்டா கே.டி.எச். வானில், 2021ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு 4ஜி ரவுட்டரையும் கூரை அன்டனாவையும் பொருத்தினேன். வார இறுதிகளில் அதே வான் கட்டுநாயக்க, கண்டி, எல்ல என்று ஹயர் ஓடும். ஆகவே ஏ7 வீதியிலும் ஏ5 வீதியிலும் எந்த வளைவில் இணைப்பு நிற்கும், எந்த வளைவில் திரும்பும் என்பது எனக்கு ஓரளவு மனப்பாடம். வாகனத்துக்கு வைஃபை போட எண்ணுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேகம் எவ்வளவு என்பதையே. சமதரையில் அது பொருத்தமான கேள்விதான். மலைநாட்டிலோ, அறுந்த இணைப்பு எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதை வைத்தே நான் கருவியை மதிப்பிடுகிறேன்.

வானுக்குள் இருப்பவை இரண்டு இணைப்புகள் என்பது பயணிகள் பலருக்குத் தெரிவதில்லை. தொலைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலானது வைஃபை. ரவுட்டருக்கும் வெளியிலுள்ள டவருக்கும் இடையிலானது 4ஜி. முதலாவது, சில அடி தூரத்தில் சேர்ந்தே பயணிக்கும் இரு கருவிகளுக்கு இடையில் இருப்பதால் அநேகமாக அறுவதே இல்லை. இரண்டாவது அறும்போதும் தொலைபேசித் திரையில் வைஃபை அடையாளம் முழுதாகவே நிற்கும். "அண்ணே, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒன்னுமே லோட் ஆகுதில்ல" என்று பின் ஆசனத்திலிருந்து வரும் முறைப்பாட்டுக்குக் காரணம் இதுவே. ரவுட்டரின் சிக்னல் விளக்கு சாரதியின் கண்ணுக்குப் படும்படி இருப்பது நல்லது. "டீச்சர், இந்த வளைவு தாண்டினா வந்துரும்" என்று சொல்வதற்கு அப்போதுதான் ஓர் ஆதாரம் இருக்கும்.

வாகனம் ஓடுவதால்தான் இணைப்பு அறுகிறது என்று நம்புகிறவர்கள் அதிகம். கணக்குப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. நகரும் வாகனத்தில் அலையின் அதிர்வெண் சற்று விலகும் என்பது உண்மை; டொப்ளர் விளைவு என்பது அதுதான். ஆனால் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில், 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், அந்த விலகல் ஏறத்தாழ 60 ஹேர்ட்ஸ் மட்டுமே. 4ஜியில் தரவைப் பங்கிட்டுச் சுமக்கும் துணை அலைகளுக்கு இடையே விடப்பட்டுள்ள இடைவெளியோ 15,000 ஹேர்ட்ஸ். மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ரயிலையும் மனதில் வைத்து வகுக்கப்பட்ட தொழில்நுட்பம் இது. இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும் நம் வான் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

தடையாக நிற்பது மலைதான். நம் வீதிகள் மலையின் இடுப்பை வெட்டிப் போடப்பட்டவை. ஒருபுறம் மண்சுவர், மறுபுறம் சரியும் தேயிலை மலை. வளைவு திரும்பியதும் அதுவரை நேராகத் தெரிந்த டவர் ஒரு நொடியில் மறைந்துவிடுகிறது. ஒரு டவரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுவதற்கு, ரவுட்டர் அடுத்த டவரின் சிக்னலை அளந்து அறிவிக்க வேண்டும். பழைய டவர் அதற்குரிய கட்டளையை அனுப்ப வேண்டும். அந்தக் கட்டளை வந்து சேர்வதற்குள் பழைய சிக்னல் விழுந்துவிட்டால், ரவுட்டர் புதிதாகத் தேடிப் பிடித்து இணைப்பை மறுபடி ஏற்படுத்த வேண்டியிருக்கும். இதோடு இன்னொரு தாமதமும் சேர்கிறது. அனுப்பிய தரவுக்குப் பதில் வராதபோது, மறுபடி அனுப்பிப் பார்ப்பதற்கு முன் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகும்: ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று. அதனால் சிக்னல் திரும்பிய பின்னரும் திரை சற்று நேரம் அசையாமல் கிடக்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் புதிய இணைப்பு உடனே தொடங்கிவிடும் என்பதை என் காலைப் பயணிகள் இப்போது பழகிக்கொண்டார்கள்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை ஆகிய நகரங்களில் குறை சொல்ல எதுவுமில்லை. பத்தனையைக் கடந்து டெவோன், சென் கிளையர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தபடி வரும் பகுதியில் பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பதால், தூரத்து டவர்களும் நேராகத் தெரிகின்றன. பெரும்பாலும் இணைப்பு நன்றாகவே ஓடும். சிரமம் தருபவை, லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளும், கினிகத்தேனைக்குக் கீழே களனி கங்கையை ஒட்டிக் கித்துல்கலைக்குப் போகும் மரமடர்ந்த தாழ்வும். அங்கே குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப் குரல் பதிவும் தாமதித்தாவது போய்ச் சேரும். முன்கூட்டியே சேமித்துக்கொள்ளும் காணொளி பெரும்பாலும் தடையின்றி ஓடும். நேரடி அழைப்பும் சூம் வகுப்பும் கிடைத்தால் அதிர்ஷ்டம். இறம்பொடைச் சுரங்கப் பாதையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கூரை அன்டனா இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை என்பேன். இரும்பு உடலுக்குள் வைத்த ரவுட்டர், பயணியின் கையிலுள்ள தொலைபேசியைவிட அதிகமாக எதையும் பிடித்துவிடாது. அன்டனாவில் இரண்டு வயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் 4ஜி ஒரே நேரத்தில் இரு பாதைகளில் தரவை எடுக்கும். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு. மெல்லிய வயராக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே ரவுட்டரை அன்டனாவுக்கு நேர் கீழே, கூரை உறைக்கு அருகில் வைத்திருக்கிறேன். நுவரெலியாவின் பனிமூட்டம் இதில் தன் பங்கைச் செய்கிறது. பின்கதவு ரப்பரின் வழியாக உள்ளே வரும் வயர் நாளடைவில் தட்டையாக நசுங்கும். அதன் மேல் வழிந்து வரும் நீர் திருகு இணைப்பு வரை இறங்கி, பித்தளையில் பச்சைப் பூச்சாகப் படியும். வயரைக் கதவுக்கு வெளியே ஒருமுறை கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இணைப்பின் மேல், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். காந்த அடி கொண்ட அன்டனாவை மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துத் துடைக்காவிட்டால், கூரைப் பெயிண்டில் துரு வளையம் நிச்சயம்.

மின்சாரம் அடுத்த தலைவலி. சிகரெட் லைட்டர் துளையில் செருகிய ரவுட்டர், ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைந்து எழும், ஏனெனில் ஸ்டார்ட்டர் சுழலும் வேளையில் 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. 9 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் வாகன ரவுட்டர்கள் இதைத் தாங்குகின்றன. பஸ்களில் 24 வோல்ட் என்பதால் அங்கும் அவையே பொருத்தம். சாவியை அணைத்துச் சில நிமிடங்களில் தானாக உறங்கும் வசதி உள்ளதையே வாங்குங்கள். ரவுட்டர் எடுக்கும் ஐந்து வாட் என்பது சிறிய அளவுதான், ஆனாலும் குளிர் மிகுந்த இரவு முழுவதும் எரிந்தால் பழைய பேட்டரி காலையில் பழிவாங்கும். சாதனத்தின் அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவைப் பார்த்துக்கொள்வதும் நல்லது.

இரண்டு சிம் போடலாம் என்ற விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலிவான ரவுட்டர்களில் சிம் துளை இரண்டு, டவரோடு பேசும் மோடம் ஒன்றே. ஒரு வலையமைப்பு விழுந்தபின் மறு சிம்முக்கு மாறிப் பதிவாகி வர அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகிறது. அதற்குள் வான் அந்த மலை மறைவைக் கடந்து, முதல் சிம்மின் டவருக்கு எதிரே வந்து நிற்கும். ஆகவே இணைப்பில்லாமல் இரண்டு நிமிடம் போனால் மட்டுமே மாறும்படி அமைத்திருக்கிறேன். இரண்டு மோடம் உள்ள ரவுட்டர் விலை கூடியது. நீண்ட தூரப் பஸ்களுக்கு அது தகும், என் வானுக்குத் தகாது.

டேட்டா தீர்ந்துபோவதற்குப் பயணிகளைத் திட்டிப் பயனில்லை. தொலைபேசி வானின் வைஃபையை வீட்டு வைஃபை என்று எண்ணிக்கொண்டு, முந்திய நாள் எடுத்த படங்களையெல்லாம் மேலேற்றவும் செயலிகளைப் புதுப்பிக்கவும் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் வேக வரம்பு வைத்த பின்னர் ஒருவரின் படக்கோப்பு மற்றவர்களின் பக்கத்தை நிறுத்துவது குறைந்தது. வீட்டு இணைப்புக்கான சிம்மை வானில் போட எண்ணுகிறவர்கள் அதன் நிபந்தனைகளை முதலில் வாசிக்கட்டும். பல பொதிகள் ஒரு முகவரிக்கென்றே வழங்கப்படுகின்றன.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, டவர்களின் பேட்டரிகள் தாக்குப்பிடிக்கவில்லை; வானில் எல்லாம் சரியாக இருந்தும் பிடிப்பதற்குச் சிக்னல் இல்லை. டீசல் வரிசையில் வான் நின்ற நாட்கள் வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் வீதிகளோடு மின்கம்பிகளையும் ஃபைபர் கேபிள்களையும் அறுத்த நாட்களில், கூரை அன்டனாவால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. செய்மதி இணையம் இதற்கு மாற்று என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. ஆனால் அதற்கு வானம் விரிந்து தெரிய வேண்டும். ஒருபக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் யூகலிப்டஸ் வரிசையுமாக ஓடும் வீதியில் பாதி வானமும் தெரிவதில்லை. ஹோட்டல் முற்றத்தில் அது சிறப்பு, ஓடும் வானில் நான் காசு போடமாட்டேன்.

காலை ஓட்டத்துக்கு மட்டும் வான் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் சொந்த டேட்டா இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளையும் விமான நிலையப் பயணிகளையும் ஏற்றுகிறவருக்கு அது தகும். ஆனால் ஹயர் பேசும்போதே நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்: கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில் அலுவலக அழைப்பு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம், அவசியமென்றால் கினிகத்தேனை டவுனிலேயே நிறுத்தித் தருகிறேன், காத்திருப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை.